‘சர்வர் டவுன்’ என்பதற்குள் என்ன நடக்கிறது?

பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் காலையில் நம் எல்லோர் வாயிலும் வரும் சொல் ‘சர்வர் டவுன்’. இணையத்தில் விவரங்களைப் பதிவேற்றக் கடைசி நாள் என்றாலும் அதே சொல்தான். பக்கம் திறக்கவே இல்லை, திறந்து பாதியில் நின்றுவிட்டது, உள்ளே போன பிறகு மறுபடி கடவுச்சொல் கேட்கிறது என்று எது நடந்தாலும் நாம் சொல்வது ஒன்றே. உண்மையில் இவை மூன்றும் மூன்று வேறு நிகழ்வுகள். மூன்றுக்கும் நாம் செய்ய வேண்டியதும் வேறு வேறு.

நான் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். தேர்வு முடிவு நாளில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வரும்: “சார், எனக்கு மட்டும் எரர் வருது. அப்போ நான் ஃபெயிலா?” திரையில் வந்த பிழைச் செய்தியைத் தன் மதிப்பெண்ணைப் பற்றிய செய்தியாக அந்தப் பிள்ளை எடுத்துக்கொள்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கைபேசியில் முடிவு வந்துவிட்டது, தன்னுடையதில் வரவில்லை என்றால் பயம் இரட்டிப்பாகிறது. அந்த நேரத்தில் நம்பிக்கையோடு பதில் சொல்ல, இணையப் போக்குவரத்து எப்படிப் பகிரப்படுகிறது என்ற அடிப்படை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத் தேவையான சொற்களைத்தான் இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கப்போகிறோம். கணினி ஆசிரியர்களுக்கு மட்டும் உரிய சொற்கள் அல்ல இவை.

கோரிக்கையின் பயணம்

பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் இட்டு மாணவர் பொத்தானை அழுத்தியதும் கைபேசியிலிருந்து ஒரு கோரிக்கை கிளம்புகிறது. இணையதளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது டி.என்.எஸ். என்ற அமைப்பு. பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் படிக்கும் மாணவர்களுக்கு இது பாடத்திலேயே வருகிறது. அந்த எண் முகவரியில் இருக்கும் சர்வர் கோரிக்கையை வாங்கி, தரவுத்தளத்தில் தேடி, விடையைத் திருப்பி அனுப்புகிறது.

பொத்தானை அழுத்தியதிலிருந்து விடை வரும்வரை ஆகும் நேரத்தைத் தாமதம் என்கிறோம். ஒரு நொடியில் எத்தனை கோரிக்கைகளை முடித்துக் கொடுக்க முடியும் என்பது அந்த அமைப்பின் செயல்திறன். எந்த ஒரு கணத்திலும் முடியாமல் உள்ளே நிற்கும் கோரிக்கைகளின் எண்ணிக்கை உடனிகழ் பளு.

இவற்றுக்கு இடையே ஓர் எளிய கணக்கு உண்டு. ஒரு நொடிக்கு 50 கோரிக்கைகள் வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் 2 நொடி ஆகிறது என்றால், எந்த நேரத்திலும் சராசரியாக 100 கோரிக்கைகள் உள்ளே இருக்கும். ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் 1961-இல் இதற்கு நிரூபணம் அளித்தார். அவர் பெயரால் லிட்டில் விதி என்கிறார்கள். இப்போது ஏதோ ஒரு காரணத்தால் தாமதம் 10 நொடியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வருபவர் எண்ணிக்கை கூடவே இல்லை. ஆனாலும் உள்ளே நிற்பவை 500 ஆகிவிடும். நெரிசல் கூடக் கூட ஒவ்வொரு கோரிக்கையும் இன்னும் மெதுவாகும். மெதுவாக ஆக, நெரிசல் மேலும் கூடும். சில நிமிடங்களில் ஒரு தளம் முழுவதுமாக நின்றுபோவது இப்படித்தான்.

இந்தச் சிக்கல் இணையத்தோடு பிறந்ததல்ல. டென்மார்க்கின் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏ. கே. எர்லாங், எத்தனை இணைப்புகள் இருந்தால் எத்தனை அழைப்புகளைத் தாங்கலாம் என்று கணக்கிட்டு 1909-இல் முதல் கட்டுரையை வெளியிட்டார். வரிசைக் கோட்பாடு என்ற கணிதப் பிரிவு அங்கிருந்துதான் வளர்ந்தது. தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகுக்கு இன்றும் எர்லாங் என்றே பெயர். அந்த நிறுவனத்தில் சேர்வதற்கு முன் அவர் சில ஆண்டுகள் நம்மைப்போலப் பள்ளி ஆசிரியராக இருந்தவர்.

லோட் பேலன்சர்

ஒரு சர்வர் போதாதபோது பல சர்வர்களை வைக்கிறார்கள். ஆனால் மாணவருக்குத் தெரிந்தது ஒரே முகவரிதான். அந்த முகவரிக்கு வரும் கோரிக்கைகளைப் பின்னால் இருக்கும் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புவதற்கென்றே ஓர் அமைப்பு வேண்டும். அதுதான் லோட் பேலன்சர். தமிழில் பளு பகிர்வி என்று சொல்லலாம்.

அரசு மருத்துவமனையின் வெளிநோயாளிகள் பிரிவை நினைத்துப் பாருங்கள். வாசலில் சீட்டுக் கொடுப்பவர் யாருக்கும் வைத்தியம் பார்ப்பதில்லை. எந்த அறைக்குப் போக வேண்டும் என்று மட்டும் சொல்கிறார். அவர் சரியாக அனுப்பினால் எல்லா மருத்துவர்களுக்கும் வேலை சீராகப் போகும். சரியாக அனுப்பாவிட்டால் ஓர் அறையின் முன் கூட்டம் நெரியும், இன்னோர் அறையில் மருத்துவர் சும்மா இருப்பார்.

வெளியுலகுக்குத் தெரியும் அந்த ஒற்றை முகவரியை மெய்நிகர் முகவரி என்பார்கள். பின்னால் இருக்கும் சர்வர்களை மொத்தமாகச் சர்வர் குழு என்பார்கள். கோரிக்கையைத் தானே வாங்கி, சர்வரிடம் கேட்டு, விடையையும் தானே திருப்பிக் கொடுக்கும் வகைக்கு ரிவர்ஸ் பிராக்ஸி என்று பெயர். உலகெங்கும் இதற்குப் பெரிதும் பயன்படும் எஞ்சின்எக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளை ரஷ்யாவின் இகோர் சிசோயெவ் 2004-இல் வெளியிட்டார்.

பகிரும் முறைகள்

முதல் முறை சுழல்முறை, அதாவது ரவுண்ட் ராபின். முதல் கோரிக்கை முதல் சர்வருக்கு, இரண்டாவது இரண்டாவதற்கு, மூன்றாவது மூன்றாவதற்கு, பிறகு மறுபடி முதலிலிருந்து. எல்லாச் சர்வர்களும் ஒரே திறன், எல்லாக் கோரிக்கைகளும் ஒரே அளவு என்றால் இது நன்றாக வேலை செய்யும்.

சர்வர்களின் திறன் வேறுபட்டால் எடையிட்ட சுழல்முறை. இரு மடங்கு திறனுள்ள சர்வருக்கு எடை 2, மற்றதற்கு எடை 1 என்று கொடுத்தால், மூன்று கோரிக்கைகளில் இரண்டு பெரிய சர்வருக்குப் போகும்.

மூன்றாவது, குறைந்த இணைப்பு முறை. இப்போது யாரிடம் முடியாத வேலை குறைவாக இருக்கிறதோ அவரிடம் அடுத்ததை அனுப்புவது. சில கோரிக்கைகள் சட்டென முடியும், சில வெகுநேரம் எடுக்கும் என்ற நிலையில் சுழல்முறையைவிட இது மேலானது. எல்லோருக்கும் சம எண்ணிக்கை கொடுப்பதும் பளுவைச் சமமாக்குவதும் ஒன்றல்ல என்பது இங்கே புரியும். வகுப்பறையில் குழு வேலை பிரித்துக் கொடுக்கும் நமக்கு இது தெரிந்த விஷயம்தான்.

நான்காவது, ஒட்டும் அமர்வு. ஐந்து பக்கமுள்ள ஒரு படிவத்தை நிரப்புகிறோம். முதல் பக்கத்தில் கொடுத்த விவரம் ஒரு சர்வரின் நினைவகத்தில் இருக்கிறது. இரண்டாம் பக்கம் வேறு சர்வருக்குப் போய்விட்டால் அதற்கு நம்மை யாரென்றே தெரியாது, மறுபடி கடவுச்சொல் கேட்கும். அதனால் ஒருவரை முதலில் எந்தச் சர்வருக்கு அனுப்பினோமோ, அந்த அமர்வு முடியும்வரை அதற்கே அனுப்புவார்கள். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. அந்தச் சர்வர் விழுந்தால் அதில் இருந்த எல்லோரும் வெளியே தள்ளப்படுவார்கள். அமர்வு விவரங்களைச் சர்வர்கள் அனைத்துக்கும் பொதுவான ஓரிடத்தில் சேமித்துவிட்டால் இந்த ஆபத்து குறையும்.

உறையும் கடிதமும்

வலைப்பின்னல் பாடத்தில் ஓ.எஸ்.ஐ. மாதிரியின் ஏழு அடுக்குகளைக் கற்பிக்கிறோம். மாணவர்கள் அவற்றை மனப்பாடம் செய்வதோடு சரி. 4-ஆம் அடுக்குக்கும் 7-ஆம் அடுக்குக்கும் உள்ள வேறுபாட்டை லோட் பேலன்சரைக் கொண்டு விளக்கினால் மனதில் நிற்கும்.

4-ஆம் அடுக்கில் வேலை செய்யும் லோட் பேலன்சர், அஞ்சலகத்தில் உறையின் மேல் உள்ள பின்கோடை மட்டும் பார்த்துக் கடிதங்களைப் பிரிப்பவர் மாதிரி. எந்த முகவரியிலிருந்து, எந்த முகவரிக்கு, எந்த போர்ட் எண்ணுக்கு என்பதை மட்டும் பார்க்கும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காது. அதனால் மிக வேகமாக இயங்கும்.

7-ஆம் அடுக்கில் இயங்குவது உறையைப் பிரித்துக் கடிதத்தையும் படிக்கும். ‘இது மதிப்பெண் கேட்கிறது, அந்தக் குழுவுக்கு அனுப்பு, இது படம் கேட்கிறது, இந்தக் குழுவுக்கு அனுப்பு’ என்று முடிவெடுக்கும். கோரிக்கை மறைகுறியாக்கப்பட்டு வருவதால், படிப்பதற்கு முன் அதை விடுவித்தாக வேண்டும். இதனால் வேலை கூடும், ஆனால் பகிர்வு நுட்பமாகும்.

நலம் விசாரித்தல்

சில நொடிகளுக்கு ஒருமுறை லோட் பேலன்சர் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு சிறு கோரிக்கை அனுப்பி, விடை வருகிறதா என்று பார்க்கும். இதை நலச் சோதனை என்பார்கள். நாம் காலையில் வருகைப்பதிவு எடுப்பதைப் போலத்தான். தொடர்ந்து சில முறை விடை வராவிட்டால் அந்தச் சர்வரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். மீண்டு வந்தால் சேர்த்துக்கொள்ளும். ஒன்று விழுந்தால் அதன் வேலை மற்றதற்கு மாறுவது மாற்றேற்பு, அதாவது ஃபெயிலோவர்.

இணையத்தின் தொடக்க ஆண்டுகளில், ஒரு பெயருக்குப் பல எண் முகவரிகளை மாற்றி மாற்றிக் கொடுக்கும்படி டி.என்.எஸ்.ஸையே பயன்படுத்திப் பளுவைப் பிரித்தார்கள். அந்த முறையைப் பற்றிய தொழில்நுட்பக் குறிப்பு ஒன்று 1995-இல் வெளியானது. அதன் குறை என்னவென்றால், ஒருமுறை பெற்ற முகவரியை நம் கருவிகள் சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும். அந்தச் சர்வர் விழுந்த பின்னும் அங்கேயே போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். நலச் சோதனை உள்ள லோட் பேலன்சரின் தேவை இதிலிருந்து புரியும்.

லோட் பேலன்சரே விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்று மாணவர் யாராவது கேட்டால் பாராட்டுங்கள். அது ஒற்றைத் தோல்விப் புள்ளி ஆகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இரண்டு லோட் பேலன்சர்களை வைத்து, ஒன்று இயங்கும்போது மற்றதைத் தயார் நிலையில் வைத்திருப்பார்கள்.

பகிர்ந்தும் போதாதபோது

சர்வர்களைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கலாம். அமெரிக்காவில் மக்கள் மருத்துவக் காப்பீடு வாங்குவதற்காக அரசு தொடங்கிய ஹெல்த்கேர்.கவ் என்ற தளத்தின் கதை வேறு விதமாகச் சொல்கிறது. அது 2013 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. ஒரே நேரத்தில் 50,000 முதல் 60,000 பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்திருந்தார்கள். வந்தவர்களோ சுமார் 2,50,000 பேர் என்று அரசுத் தரப்பிலேயே சொல்லப்பட்டது. முதல் நாளில் காப்பீட்டுக்குப் பதிவை முடித்தவர்கள் ஆறே பேர் என்பது பின்னர் வெளியான அரசுக் குறிப்புகளில் தெரியவந்தது. கூட்டம் மட்டும் காரணமல்ல. திட்டங்களின் விலையைச் சும்மா பார்க்க விரும்புபவர்கூட முதலில் கணக்குத் தொடங்கியாக வேண்டும் என்று வைத்திருந்தார்கள். எல்லோரும் அந்த ஒரே குறுகிய வாசலில் போய் முட்டினார்கள். அப்படி நெரியும் இடத்துக்கு இடுக்கு என்று பெயர். இடுக்கு வேறிடத்தில் இருக்கும்போது முன்னால் எத்தனை சர்வர்கள் வைத்தாலும் பயன் குறைவு.

பின்னர் அவர்கள் செய்த மாற்றங்களில் சர்வர்களைக் கூட்டியது ஒன்று. கணக்கு இல்லாமலே திட்டங்களைப் பார்க்க வழி செய்தது இன்னொன்று. கூட்டம் மிஞ்சும்போது சிலரைக் காத்திருப்பு வரிசையில் வைத்து, பிறகு வரும்படி மின்னஞ்சல் அனுப்பும் ஏற்பாடும் செய்தார்கள். இப்படிப் பளுவைக் கூட்டாமல் போக்குவரத்தையே ஒழுங்குபடுத்துவதுதான் போக்குவரத்து மேலாண்மை.

நம் நாட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ரயில்வேயின் தத்கால் முன்பதிவு. 2015 முதல் குளிர்சாதன வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும் மற்ற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் தொடங்குகிறார்கள். அதே கூட்டம்தான், ஆனால் ஒரே நிமிடத்தில் வராமல் இரண்டாகப் பிரிந்து வருகிறது. நம் மாநிலப் பொதுத்தேர்வு முடிவுகள் ஒன்றுக்கு மேற்பட்ட தளங்களில் வெளியாவதும், பதிவுசெய்த கைபேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக வருவதும் பளுவைக் குறைக்கும் வழிகளே. குறுஞ்செய்தி பெற்ற மாணவர் தளத்தின் கதவைத் தட்ட வேண்டியதே இல்லை.

இன்னொன்று வீத வரம்பு. ஒரு முகவரியிலிருந்து குறிப்பிட்ட நேரத்தில் இத்தனை கோரிக்கைகள்தான் என்று கட்டுப்படுத்துவது. இதில் பள்ளிகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கணினி ஆய்வகத்தில் இருபது கணினிகள் ஒரே இணைப்பின் வழியாக வெளியே போகும்போது, பெரும்பாலும் வெளியுலகுக்கு அவை ஒரே முகவரியாகவே தெரியும். இருபது பேரும் சேர்ந்து பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால், யாரோ ஒருவர் விடாமல் தொல்லை கொடுக்கிறார் என்று தளம் எண்ணி எல்லோரையும் நிறுத்தக்கூடும். பதிவேற்றும் வேலையை ஆய்வகத்தில் செய்யும்போது குழு குழுவாகச் செய்வது நல்லது.

திரையில் தெரியும் எண்கள்

இனி அந்தப் பிழைச் செய்திகளைப் படிக்கலாம். 404 என்றால் அந்த முகவரியில் அப்படி ஒரு பக்கம் இல்லை. முகவரியைச் சரிபார்க்க வேண்டும். 429 என்றால் அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டோம், பொறுத்திருக்க வேண்டும். 502 என்றால் லோட் பேலன்சர் போன்ற இடைநிலை அமைப்பு நலம், பின்னால் உள்ள சர்வர் முறையான விடை தரவில்லை. 503 என்றால் இப்போது வேலை வாங்கிக்கொள்ளும் நிலையில் சர்வர் இல்லை. 504 என்றால் கேட்டுக் காத்திருந்தும் உரிய நேரத்துக்குள் விடை வரவில்லை.

இந்த எண்களில் எதுவும் மாணவரின் மதிப்பெண்ணைப் பார்த்துச் சொல்லப்படுவது அல்ல. 503 வந்த கோரிக்கை பெரும்பாலும் தரவுத்தளம்வரை போயே இருக்காது. ‘பதிவெண் தவறு’ என்று வந்தால், சர்வர் நன்றாக இயங்கி விடை சொல்லியிருக்கிறது என்று பொருள். பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் மறுபடி பார்த்து இட்டால் போதும்.

வகுப்பறையில் ஒரு செயல்பாடு

நான்காம் வகுப்பு முதல் எந்த வகுப்பிலும் இதைச் செய்யலாம். மூன்று மாணவர்கள் சர்வர்கள். ஒருவர் லோட் பேலன்சர். 12 துண்டுத் தாள்களில் 6, 1, 1, 6, 1, 1, 6, 1, 1, 6, 1, 1 என்று வரிசையாக எழுதி மேலிருந்து கீழாக அடுக்குங்கள். ஆசிரியர் ஐந்து நொடிக்கு ஒருமுறை கை தட்ட வேண்டும். தாளில் உள்ள எண் எத்தனையோ அத்தனை தட்டுகள் முடியும்வரை சர்வர் அந்தத் தாளைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

முதல் ஆட்டம் சுழல்முறை. எண்ணைப் பார்க்காமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று கொடுத்துக்கொண்டே போக வேண்டும். நான்கு 6-களும் முதல் மாணவரிடமே போய்ச் சேரும். மற்ற இருவரும் நான்கு தட்டில் முடித்துவிட, அவர் மட்டும் 24 தட்டுவரை நிற்பார். இரண்டாவது ஆட்டத்தில் அதே தாள்கள், அதே வரிசை. யார் கை காலியாகிறதோ அவரிடம் அடுத்த தாள். இப்போது 13 தட்டில் எல்லாம் முடியும். வேலையின் மொத்த அளவு இரண்டு ஆட்டத்திலும் 32-தான். ஆளையும் கூட்டவில்லை. பகிரும் முறை ஒன்றை மாற்றியதில் நேரம் ஏறக்குறையப் பாதியானதை மாணவர்களே கண்டுபிடித்துச் சொல்லட்டும்.

மூன்றாவது ஆட்டத்தில் இடையில் ஒரு சர்வரை உட்காரச் சொல்லுங்கள். அவர் கையில் உள்ள தாளை என்ன செய்வது என்று வகுப்பே விவாதிக்கட்டும். உயர்நிலை வகுப்பு என்றால் 32-ஐ 3-ஆல் வகுத்து, இதைவிடக் குறைவான தட்டில் முடிக்கவே முடியாது என்ற எல்லையையும் கண்டறியச் செய்யலாம்.

முடிவு நாளுக்கு முன்பே

முடிவு வருவதற்கு முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி மாணவர்களிடம் பேசிவிடுவது நல்லது. நான் சொல்வது இவ்வளவுதான்.

பக்கம் வராவிட்டால் புதுப்பிப்பு பொத்தானைத் தொடர்ந்து அழுத்தாதீர்கள். நீங்கள் கைவிட்ட பழைய கோரிக்கையைச் சர்வர் இன்னும் செய்துகொண்டிருக்கக்கூடும். ஒருவரே நான்கு பேராக வரிசையில் நிற்பதாகிவிடும். முதலில் ஒரு நிமிடம், பிறகு இரண்டு, பிறகு நான்கு என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போங்கள். கணினிகளுக்கும் இதையே கற்பித்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் படித்த பெருக்குத் தொடர்வரிசையே இது.

ஒரு தளம் திறக்காவிட்டால் அறிவிக்கப்பட்ட மற்றொரு தளத்தில் பாருங்கள். பள்ளியில் கொடுத்த கைபேசி எண் இப்போதும் பயன்பாட்டில் உள்ளதா என்று முன்பே உறுதிசெய்யுங்கள். வீட்டில் இணையம் இல்லையென்றால் பள்ளிக்கு வாருங்கள், அல்லது நூலகத்துக்குப் போங்கள். திரையில் எண் ஏதாவது வந்தால் அதைக் குறித்துக்கொண்டு என்னை அழையுங்கள், என்ன பொருள் என்று சொல்கிறேன்.

இதைக் கேட்டுவிட்டுப் போகும் மாணவர், 503 வரும்போது பயப்படுவதற்குப் பதிலாகக் கைபேசியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவார். வரிசையில் அவர் விட்ட இடம், மெதுவான இணைப்பில் எங்கோ காத்திருக்கும் இன்னொரு பிள்ளைக்குக் கிடைக்கும்.